தறி மெதுவாக ஓடலாம், கூலி?

சென்னிமலைப் பக்கம் எனக்குத் துணி நெய்துகொடுக்கும் பெரியவர் ஒருவர், நான்கு வருடத்துக்கு முன் தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது போன் செய்தார். “துணி நல்லா இருந்துச்சுங்களா அம்மணி?” என்றார். நல்லா இருந்துச்சுங்க என்றேன். “அப்பச் சரிங்க” என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் அந்தத் துணியை மடித்துக் கொடுத்து 71 நாள் ஆகியிருந்தது. 52 மீட்டர், மீட்டருக்கு 105 ரூபாய் கூலி, மொத்தம் 5,460 ரூபாய். அதை நான் கொடுத்திருக்கவில்லை.

துணி அப்போது சட்டைகளாகிச் சென்னையில் ஏ.சி. போட்ட ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சட்டையின் கழுத்திலும் நான் அச்சடித்துக் கட்டிய அட்டை: ‘அறம் சார்ந்த, நிதானமான உடை’. சட்டை விற்றால் கடைக்காரர் எனக்குத் தருவார். அவர் தந்தால் நான் பெரியவருக்குத் தருவேன். ஆக, தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான் அந்தக் கடைக்கும் எனக்கும் சேர்த்து வட்டியில்லாமல் முதல் போட்டிருந்தார். போடச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவுமில்லை.

2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவும் அதைச் சார்ந்த வேலையும் செய்பவர்கள் ஏறத்தாழ 35 லட்சம் பேர். நெசவுக் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் கீழே சம்பாதிக்கின்றன. இந்த எண்ணை நான் மேடையில் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் ஒரு மாத வருமானத்துக்கு மேலான தொகை என் பையில் இருந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, மழையில் பாவு நூல் காயவில்லை என்று பேச ஆரம்பித்துவிட்டார். மிச்சமிருந்த அட்டைகள் இப்போதும் ஒரு டப்பாவில் கிடக்கின்றன. பின்பக்கம் காலியாக இருப்பதால் அளவு குறிக்கப் பயன்படுகின்றன.

‘ஸ்லோ ஃபேஷன்’ என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். மெதுவாக நெய்வது, குறைவாகத் தைப்பது, நெடுநாள் உடுத்துவது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு தொழிலில் எதையாவது மெதுவாக்கினால் நடுவில் யாரோ ஒருவர் காத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை வைத்துத்தான் அந்தத் தொழில் நேர்மையானதா என்று சொல்ல முடியும். துணியைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது.

எனக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்கக் கூடாது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பதினோரு வருடம் மெர்ச்சன்டைசராக இருந்தவள் நான். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் ஆயத்த ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தும், தைக்க வந்தாக வேண்டும் என்று அவர்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் கம்பெனிக்கும் ஆடிட் மேல் ஆடிட் வந்தது. தீயணைப்பான் எங்கே, அவசர வழி எத்தனை அடி, கழிப்பறைக்குக் கதவு உண்டா. அதெல்லாம் தேவையான கேள்விகள். எனக்கு நினைவில் நிற்பது வேறொன்று. ஒருநாள் மதியம் ஆடிட் முடிந்து, எங்களிடம் வாங்கும் பையர் அனுப்பிய வெள்ளைக்காரர் கைகுலுக்கிப் போனார். சாயங்காலம் அதே பையரின் ஆபீஸிலிருந்து மெயில்: டார்கெட் ப்ரைஸ் ஐந்து சென்ட் குறைய வேண்டும், பணம் 90 நாளில். அந்த ஐந்து சென்ட்டை எங்கே குறைப்பது? நூல் விலை நம் கையில் இல்லை, கரண்ட் பில் நம் கையில் இல்லை. கடைசியில் ஒன்றரை ஷிப்ட் போட்டுத் தையலுக்கு உதவியாகக் கைமடி பார்க்கிற பெண்பிள்ளையின் தலையில்தான் அது விடியும்.

ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூரில் சனிக்கிழமை ஆனால் சம்பளம் கைக்கு வந்துவிடும். பையர் 90 நாள் இழுத்தாலும் தையல்காரரைச் சனிக்கிழமைக்கு மேல் இழுக்க முடியாது, திங்கட்கிழமை அவர் எதிர்க் கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். கைத்தறியைப் பற்றி உருகிப் பேசும் எங்களைப் போன்றவர்கள், இயந்திரத் தொழிலிடமிருந்து கற்க வேண்டிய முதல் பாடம் இந்தச் சனிக்கிழமைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

சாயத்தின் கதையும் இதுதான். திருப்பூர் துணிக்கு மலிவாக நிறம் கிடைத்தது நொய்யல் ஆற்றின் செலவில். பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது. அது என் நெசவாளர்களின் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களில் நான் ஒரு ஷிப்மெண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தைத் திட்டியிருக்கிறேன். துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றிக் கப்பலைப் பிடித்தோம். நாங்கள் கொடுக்காத காசை ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்த விவசாயி கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

2018இல் வேலையை விட்டுவிட்டு இந்தச் சட்டைத் தொழிலை ஆரம்பித்தேன். சென்னிமலை போர்வைக்குப் பேர்போன ஊர். எம்.பி. நாச்சிமுத்து போன்றவர்கள் கூட்டுறவுச் சங்கம் கட்டி வளர்த்த நெசவு அது. போர்வைக்குத் தடித்த நூல். எனக்குச் சட்டைக்கு மெல்லிய அறுபதாம் நம்பர் நூலில் துணி வேண்டும். அச்சு மாற்ற வேண்டும், விழுது மாற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கை மாற வேண்டும். முப்பது வருடம் போர்வை அடித்த கை, மெல்லிய பாவில் அதே வேகத்தில் அடித்தால் இழை பட்பட்டென்று அறும். முதல் மூன்று மாதம் அறுந்த இழையை முடிவதிலேயே போனது. ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டர்கூட ஏறவில்லை. மீட்டர் கூலி கொடுத்திருந்தால் நெசவாளர் அன்றைக்கே போர்வைக்குத் திரும்பியிருப்பார். அதனால் அந்த மூன்று மாதமும் நாள் கூலி கொடுத்தேன். நான் செய்த நல்ல காரியம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கம்பெனியும் புது ஆளுக்குப் பழகும் காலத்தில் சம்பளம் தரத்தான் செய்கிறது என்று என் மாமியார் சொன்ன பிறகு பெருமை கொஞ்சம் இறங்கியது.

இப்போது ஒரு நாளைக்கு நாலரை மீட்டர் வருகிறது. மீட்டருக்கு 120 கூலி. என் சட்டை ஏன் 1,650 ரூபாய் என்று கேட்பவர்களுக்குக் கணக்கு நோட்டையே காட்டிவிடுகிறேன். சாயம் போட்ட நூல் மீட்டருக்கு 75. பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, இழை பிணைப்பதற்கு 25. நெசவு 120. ஆகத் துணி மீட்டர் 220. சட்டைக்கு இரண்டேகால் மீட்டர், 495. தையல் 320, ஏனென்றால் எங்கள் தையல்காரர்களுக்குப் பீஸ் ரேட் இல்லை, மாதச் சம்பளம். பட்டன், காலர் கேன்வாஸ், நூல், சலவை 65. வெட்டில் போவதும் பழுதாவதும் 50. வாடகை, கரண்ட், கட்டிங் மாஸ்டர், பேக்கிங், கூரியர், பேங்க் வட்டி எல்லாம் பிரித்தால் 330. கூட்டினால் 1,260. மீதி 390இல் என் சம்பளம், திரும்பி வரும் சட்டைகள், விற்காமல் தங்கும் 44 சைஸ்.

இந்தச் சட்டையைக் கடைக்குக் கொடுத்தால் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கமிஷன் 35 விழுக்காடு. அதாவது 577 ரூபாய். போனால் எனக்கு வருவது 1,073, கையிலிருந்து 187 நஷ்டம். நஷ்டத்தைத் தவிர்க்க விலையை ஏற்றலாம், அல்லது கூலியை இறக்கலாம். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, கூலியை இறக்காமல் தாமதமாகக் கொடுப்பது. நம் தொழிலில் நல்லவர்கள் எல்லாம் தேர்ந்தெடுப்பது இந்த மூன்றாவதைத்தான். யாருக்கும் குறைத்துக் கொடுக்கவில்லை என்ற நிம்மதியோடு தூங்கலாம். நானும் தூங்கினேன், 71 நாள்.

கடைகள் சரக்கை எடுக்கும் முறைக்கு எஸ்.ஓ.ஆர். என்று பெயர். விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்குத் திரும்பும். ஹேங்கரில் தொங்கி, நூறு பேர் போட்டுப் பார்த்து, காலரில் பவுடர் அப்பிய சட்டை ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வரும். குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. அப்படிக் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து பிடியும் இறுக்கினார்கள். நல்ல பிடி. ஆனால் எஸ்.ஓ.ஆர். சரக்கு அதில் சிக்காமல் நழுவிவிடுகிறது, விற்கும்வரை அது கொள்முதலே ஆகவில்லை என்று கடைக்காரர் சொல்லிவிடலாம். கைத்தறியும் கைத்தொழிலும் விற்கும் கடைகளில் இந்த எஸ்.ஓ.ஆருக்கு ஒரு கெடு வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. 45 நாளில் விற்கவில்லையா, திருப்பிக் கொடுங்கள் அல்லது வாங்கிக்கொள்ளுங்கள்.

வரியையும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த உடை 2,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதற்கு மேலே 18. முன்பு கோடு 1,000 ரூபாயில் இருந்தது, மேலே 12 விழுக்காடு. கோட்டை உயர்த்தியதில் என் சட்டை தப்பியது, நன்றி. ஆனால் கை வேலைப்பாடு உள்ள ‘கோட்’ ஒன்றை, உள்ளே துணி கொடுத்துத் தைத்தால் 2,600க்குக் கீழே என்னால் தர முடியவில்லை. 2,500க்கு விற்றால் வரி 125. 2,600க்கு விற்றால் 468. விலை நூறு ரூபாய் ஏற, வரி 343 ரூபாய் ஏறுகிறது. விலை அதிகமாக இருந்தால் அது ஆடம்பரம் என்று இந்தக் கோடு நினைக்கிறது. கைத்தறியில் விலை அதிகமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே நிறைய ஆள் கூலி இருப்பதுதான். மூன்று பேருக்குக் கூடுதலாகக் கூலி கொடுத்த உடைக்குக் கூடுதல் வரி. கைத்தறித் துணியில் தைத்த உடைக்கு இந்தக் கோடே இருக்கக் கூடாது.

எதிர்க்கேள்வி எனக்குத் தெரியும். அப்படிச் சலுகை கொடுத்தால் விசைத்தறித் துணிக்கெல்லாம் கைத்தறி என்று முத்திரை குத்திவிடுவார்கள். குத்துவார்கள், ஏற்கெனவே குத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1985இலேயே கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் போட்டும் சந்தையில் என்ன ஓடுகிறது என்பது ஜவுளிக்காரர் எல்லோருக்கும் தெரியும். திருடன் இருக்கிறான் என்பதற்காகப் பயிர் வைக்காமல் இருக்க முடியுமா? காவலைப் பலப்படுத்துங்கள்.

இதை எழுதும் நானும் முழுக் கணக்குக் காட்ட முடியாதவள்தான். என் நெசவாளர் யார், தையல்காரர் யார், அவர்களுக்கு என்ன கொடுத்தேன் என்று சொல்வேன். அந்த நூலை நூற்றது எந்தப் பெண், எந்த மில்லின் விடுதியில் அவள் தூங்குகிறாள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லிச் சிறு பெண்களை மூன்று வருடம் கட்டிப்போட்ட ‘சுமங்கலித் திட்டம்’ நடந்தது இதே மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில். நான் வாங்குவது மாதம் அறுபது, எழுபது கிலோ. அந்த அளவுக்கு மில்காரர் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார், வியாபாரியிடம்தான் வாங்குகிறேன். கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியில் செய்து பார்த்தேன். இழை குட்டை, அறுபதாம் நம்பர் நூலுக்கு அது இழுத்துக் கொடுக்கவில்லை. கொஞ்சம் தடித்த துண்டு நெய்தோம். அருமையாக இருந்தது, பதினெட்டு விற்றது.

அவுரி நீலத்திலும் ஒரு வருடம் கைவைத்தேன். வாங்கியவர் ஒருவர் தன் வெள்ளை சோபாவின் படத்தை அனுப்பிவைத்தார். அதைவிட, இயற்கைச் சாயம் என்ற சொல்லின் மேல் எனக்கு இப்போது ஒரு சந்தேகம். படிகாரமும் கடுக்காயும் போட்டு அலசிய தண்ணீரும் எங்கேயோ போயாக வேண்டும். இலையிலிருந்து வந்த நிறம் என்பதால் கழிவுநீர் இளநீர் ஆகிவிடாது. நூலை இப்போது ஈரோட்டில் சுத்திகரிப்பு உள்ள ஒரு சாயப்பட்டறையில் கொடுக்கிறேன். கிலோவுக்குக் கூடுதல்தான், அட்டையில் போட்டு மினுக்கிக்கொள்ளவும் முடியாது.

முன்பணம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கலாம். நானும் நினைத்தேன். 71 நாள் குற்ற உணர்வில் ஒரு நெசவாளருக்கு 40,000 ரூபாய் மொத்தமாக நீட்டினேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, “வேண்டாமுங்க, அவரு ஏற்கெனவே ஒருத்தருகிட்டக் கட்டுப்பட்டு எட்டு வருசம் இருந்தாரு” என்றார். நெசவு ஊர்களில் முன்பணம் என்பது கயிறு. வாங்கியவர் அடைக்கும்வரை அந்த முதலாளிக்கே நெய்ய வேண்டும், சொன்ன கூலிக்கே நெய்ய வேண்டும். நான் அன்பாக நீட்டியதும் அதே கயிறுதான், பட்டில் முறுக்கியது. இப்போது பாவு தறியில் ஏறும் அன்று அந்தப் பாவின் கூலியில் பாதி, துணி மடித்த அன்று மீதி. ஒரு பாவுக்கு மேல் யாரும் யாருக்கும் கடனில்லை. அடுத்த பாவு எனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லலாம். இரண்டு பேர் சொல்லியும் இருக்கிறார்கள்.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? காத்திருப்பவரை மாற்றினேன். உடுத்துபவர் காத்திருக்கட்டும். சித்திரையில் துணி மாதிரியைக் காட்டிப் பாதிப் பணம் வாங்கிக்கொள்கிறேன், ஆவணியில் சட்டை. ஐப்பசி அடைமழையில் கஞ்சி காயாது, தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஐம்பது சட்டை கேட்டால், அந்த அவசரம் நேராகப் போய் விழுவது அந்தக் குழிக்குள்தான். மாதம் நூற்றைம்பது சட்டைக்கு மேல் எடுப்பதில்லை. ஆடித் தள்ளுபடி கிடையாது. ஆடியில் பாதி விலைக்குக் கொடுக்க முடிகிற துணியை ஆனியில் முழு விலைக்கு எப்படி விற்றீர்கள் என்று நாம் ஏன் கடைக்காரரைக் கேட்பதே இல்லை? கைத்தறிக்கு அரசு கொடுக்கும் தள்ளுபடியும் சேர்ந்து, கைத்தறி என்றால் குறைத்துத் தருவார்கள் என்று இரண்டு தலைமுறையைப் பழக்கிவிட்டது.

ஆனால் ஒன்றில் நான் இந்த ‘நிதான உடை’க்காரர்களோடு சேரமாட்டேன். மலிவுத் துணி வாங்குபவரைக் குற்றவாளியாக்கும் பேச்சு எனக்குப் பிடிக்காது. எங்கள் தையல் கூடத்தில் வேலை செய்யும் அம்மா, தீபாவளிக்கு மகளுக்கு ஈரோட்டு ரோட்டோரக் கடையில் 250 ரூபாய்க்குப் பாலியஸ்டர் டாப்ஸ் எடுத்தார். பளபளவென்று இருந்தது, பிள்ளைக்கு அவ்வளவு சந்தோஷம். அதே தீபாவளிக்கு அவர் பையனுக்கு எங்கள் சட்டை ஒன்று கொடுத்தேன். “நல்லாத்தான் இருக்குதுங்கக்கா, ஆனா தெனம் அயர்ன் பண்ணணுமே” என்றான். நியாயமான பேச்சு. காலை ஆறரை பஸ்ஸுக்கு ஓடுகிறவனுக்குக் கைத்தறிப் பருத்தி ஒரு கூடுதல் வேலை. அவனிடம் பூமியைக் காப்பாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பேச்சு, வருடத்துக்கு முப்பது சட்டை வாங்கிப் பத்தைப் போடாமலே வைத்திருப்பவர்களிடம்தான். அவர்கள்தான் என்னிடம் டிஸ்கவுன்ட்டும் கேட்பவர்கள்.

போன வாரம் பெரிய ஊர்க் கடை ஒன்றிலிருந்து மெயில் வந்தது. ‘எதிக்கல்’ என்று தனிப் பிரிவு திறக்கிறார்களாம். முந்நூறு சட்டை, எஸ்.ஓ.ஆர்., கணக்கு முடிப்பது 90 நாளில். அட்டையில் நெசவாளரின் படம் போட முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள். நூறு சட்டைதான் முடியும், பாதிப் பணம் பாவு ஏறும்போது, மீதி சரக்கு ஏறும்போது, படத்தை அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன். படத்துக்கு அவர் சிரித்துவிட்டு, “சட்டையப் போடறவங்க மூஞ்சிய எனக்குக் காட்டுவாங்களாமா?” என்றார். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை. தறியில் இருக்கும் பாவில் பதினெட்டு மீட்டர்தான் மிச்சம் என்று நெசவாளர் இன்று காலை சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் நூலும் பாதிக் கூலியும் கொண்டுபோக வேண்டும்.